நசீரின் விமானத்துக் காற்றுப்பெட்டி

என் வாழ்நாளில் நான் மிக அதிகமாகப் பயந்த நாள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. எஞ்சின் பராமரிப்பில் புதிதாகக் கால் வைத்திருக்கும் உங்களுக்கு எதைச் சொல்லலாம் என்று யோசித்தேன். பெரிய பயணிகள் விமானங்களின் எஞ்சின்களைப் பராமரித்துக் கழிந்த வருடங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானம்தான் முன்னுக்கு வந்து நின்றது. ஆகவே அதையே சொல்கிறேன்.

அந்த விமானத்தைக் கட்டியவர் நசீர். நோபல் பார்க் என்ற மெல்பேர்ன் புறநகரில் பார்மசி வைத்திருப்பவர். இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து மாணவராக மெல்பேர்னுக்கு வந்து, படித்து, கடை போட்டு, ஒரு மகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, ஒருநாள் கராஜில் நின்ற காரை வீதிக்குத் தள்ளிவிட்டு விமானம் கட்டத் தொடங்கினார். இந்த நாட்டில் அது சட்டப்படி செய்யக்கூடிய காரியம். பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். தகடுகளைத் துளையிட்டு, ரிவெட் ஆணி அடித்து, பூட்டி, பரிசோதனைப் பறப்புகளை முடித்துவிட்டால் பிறகு ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டும் பறக்கலாம்.

எனக்கு அவரைத் தெரிந்தது அவருடைய மனைவி ஃபரீனா மூலம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு ஆசிரியைகள். "அக்கா, என்ட மனுசன் கராஜுக்குள்ள பிளேன் கட்டுறார். ஒருக்கா வந்து பாத்து, இது பைத்தியமா இல்லையா எண்டு சொல்லுங்க" என்று என்னை அழைத்துப் போனார். போய்ப் பார்த்தேன். இறக்கையில் ரிவெட்டுகள் நூல் பிடித்ததுபோல ஓடின. ஒவ்வொரு போல்ட்டும் எதற்கு என்று எழுதி ஒட்டப்பட்ட மருந்துக் குப்பிகளுக்குள் இருந்தது. "பைத்தியந்தான், ஆனால் கவனமான பைத்தியம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவ்வப்போது போய் எட்டிப் பார்ப்பேன், கேட்டால் பதில் சொல்வேன். கட்டியது முழுக்க முழுக்க அவர்தான்.

நான் சொல்லவந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனைப் பறப்புகள் எல்லாம் நல்லபடி முடிந்து, நசீர் தனியாகவும் சில வாரம் பறந்து பழகிவிட்டார். அன்று முதல்முறையாக மகளை ஏற்றிக்கொண்டு போகிறார். மகள் ஆயிஷா, நகரத்து மருத்துவமனையொன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். சின்ன வயதில் என் வகுப்பில் இருந்தவள். வீட்டில் தாய் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், என்னோடு மட்டும் தமிழிலேயே பேசுவாள். அது அந்த வகுப்பறையில் பழகிய பழக்கம்.

விமானத்தளம் ஊருக்கு வெளியே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே. ஒரே ஒரு ஓடுபாதை, தகரக் கொட்டகைகள், காற்றின் திசை காட்ட ஒரு காற்றுப் பை. காலையிலிருந்தே காய்ந்த வடகாற்று வீசிக்கொண்டிருந்தது. புல் எல்லாம் வைக்கோல் நிறம். தூரத்து மலைகள் தூசிக்குள் மங்கலாகத் தெரிந்தன. நசீரும் ஆயிஷாவும் ஏறி, கண்ணாடி மூடியைச் சாத்தி, கையசைத்துவிட்டுக் கிளம்பினார்கள். விமானம் எழும்பித் தெற்கே குடாக்கடல் பக்கம் திரும்பியது. கடற்கரைவரை போய்த் திரும்பி வருவதாக ஏற்பாடு.

ஃபரீனாவும் நானும் கொட்டகை நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். அவர் மசாலா அடைத்த பற்றீஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். என் மடியில் கையடக்க ரேடியோ இருந்தது. அதில் பேச எனக்கு அனுமதி உண்டு. ஆனால் அன்று கேட்பதற்கு மட்டும்தான் வைத்திருந்தேன். ஃபரீனா பயத்தைக் காட்டிக்கொள்ளாமலிருக்க வீட்டுக் கதைகள் பேசினார். பேச்சு குளியலறைக்கு வந்தது.

"ஷவர் மூலை இன்னும் ஒழுகுது அக்கா. அடைக்கிறதுக்கு நான் வாங்கி வெச்ச சிலிக்கோன் ட்யூப்ப இவர் கொண்டு போய் பிளேனுக்கு அடிச்சிட்டார்."

நான் சிரித்தேன். "பிளேனிலை எங்கை?"

"முன்னுக்குத்தான். காத்து போற ஃபில்டர் இருக்கே, அத ஒரு பெட்டிக்குள்ள வெச்சு ஒட்டணுமாம். இவர்ட ட்யூப் காய்ஞ்சு போயிட்டு. புதுசு வர நாள் எடுக்கும் எண்டு என்டத எடுத்திட்டார். வினாகிரி மணம் கராஜ் முழுக்க."

சிரிப்பு என் வாயிலேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். இப்படிப்பட்ட விமானத்தின் மூக்குக்குள் ஃபைபர் கண்ணாடியில் செய்த ஒரு பெட்டி இருக்கும். எஞ்சின் மூச்சுவிடும் காற்று முழுவதும் அதற்குள்ளால்தான் போகும். அதற்குள் ஃபில்டர். ஃபில்டரின் விளிம்பில் மயிரளவு இடைவெளி இருந்தாலும் தூசி அதன் வழியே உள்ளே போய் எஞ்சினை அரிக்கும். ஆகவே விளிம்பைச் சுற்றி ஏதாவது பூசி அடைப்பார்கள். சரியான காரியம்தான். ஆனால் பூசுகிற பொருள் பெட்ரோலைத் தாங்கவேண்டும். ஏனென்றால் மேலே, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திய பிறகு அதிலிருந்து சில துளி பெட்ரோல் அந்தப் பெட்டிக்குள் சொட்டும். காயும்போது வினாகிரி, அதாவது வினிகர், மணக்கிற குளியலறைச் சிலிக்கோன் தண்ணீரைத் தாங்கும். பெட்ரோல் பட்டால் ஊறி, வீங்கி, பிடியை விட்டுவிடும். விட்டால் அது எங்கே போகும்? ஃபில்டருக்கு வெளியே இருக்கிற குப்பையை ஃபில்டர் பிடிக்கும். உள்பக்கத்தில் கழன்றதைப் பிடிக்க ஒன்றும் இல்லை. நேரே எஞ்சினின் தொண்டைக்குத்தான் போகும்.

"எப்ப அடிச்சவர்?" என்று கேட்டேன்.

"போன மாசம்."

போன மாதம் என்றால் பல பறப்புகள். பல முறை பெட்ரோல் சொட்டியிருக்கும். நான் அண்ணாந்து பார்த்தேன். விமானம் தெற்கே ஒரு புள்ளியாகச் சிறுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் காற்றோடு வந்து வந்து போனது. ஒரு குறையும் இல்லாத சத்தம்.

என்ன செய்வது? எஞ்சின் நன்றாக ஓடுகிறது. முதல்முறை மகளோடு பறக்கிற மனிதரை ரேடியோவில் கூப்பிட்டு "உன் எஞ்சின் நின்றுவிடலாம்" என்று சொன்னால், அந்தப் பயத்தில் அவர் வேறு பிழை விடலாம். சொல்லாமல் விட்டால் அவர் கடற்கரைவரை போவார். இடையில் யூக்கலிப்டஸ் காடு, அதற்கப்பால் சேற்று நிலம், பிறகு தண்ணீர். எல்லாம் என் வெறும் சந்தேகமாகவும் இருக்கலாம். ஃபரீனா பற்றீஸை நீட்டியபடி என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன அக்கா?"

நான் ரேடியோவை எடுத்தேன். "நசீர், மாலதி அக்கா கதைக்கிறன். எஞ்சினிலை ஒண்டைப் பாக்கவேணும். இப்பவே திரும்பி வாங்கோ. இருக்கிற உயரத்தைக் குறைக்காதேங்கோ."

அந்த அலைவரிசையில் ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும். அது என் நினைவுக்கே வரவில்லை. ஆயிஷாவின் குரல்தான் பதிலாக வந்தது, சிரிப்போடு. "அன்ரி, இன்னும் கடலே பாக்கல்லையே! ஏன்?"

"பிறகு சொல்லுறன் பிள்ளை. வாப்பாவைத் திரும்பச் சொல்லு."

கொஞ்சம் பொறுத்து நசீரின் குரல்: "திரும்புறன் அக்கா." ஏன் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல் திரும்பியதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஃபரீனா எழுந்து நின்றார். "நான் என்ன சொன்ன நான்? அந்த ட்யூப்பா?" நான் தலையாட்டினேன். அவருடைய கையிலிருந்த தட்டு சரிந்து பற்றீஸ் எல்லாம் புல்லில் விழுந்தது. குனிந்து பொறுக்கவும் இல்லை.

புள்ளி மெதுவாகப் பெரிதாகி, இறக்கைகள் தெரிய ஆரம்பித்தபோது, சத்தம் மாறியது. முதலில் ஒரு இருமல். பிறகு நோயாளி மூச்சிழுப்பதுபோல ஒரு இழுப்பு. பிறகு ஓட்டம், மறுபடி இழுப்பு. ரேடியோவில் ஆயிஷா. இப்போது சிரிப்பு இல்லை.

"அன்ரி, எஞ்சின் குலுங்குது. வாப்பா கேக்கிறாங்க, ஐஸா இருக்குமா எண்டு. சூட்டுக் காத்து லீவர இழுத்திட்டாங்க. இழுத்த பிறகு இன்னும் மோசம்."

உங்களில் பறக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கார்புரேட்டருக்குள் சில நாட்களில் பனி கட்டும். அதற்கு மருந்து, சூடான காற்றை உள்ளே விடும் லீவர். பனி உருகித் தண்ணீராக எஞ்சினுக்குள் போகும்போது முதலில் குலுக்கம் கூடும். பயந்துபோய் லீவரைத் திருப்பித் தள்ளிவிடாதே, பொறு, சரியாகிவிடும் என்றுதான் பாடப் புத்தகமெல்லாம் சொல்லும். நசீர் புத்தகப்படிதான் நடந்திருந்தார். ஆகவே என்னிடம் இருந்த கேள்வி இதுதான்: பனியா, சிலிக்கோனா? பனியென்றால் லீவர் அப்படியே இருக்கவேண்டும். சிலிக்கோன் தொண்டையை அடைத்திருந்தால், ஏற்கெனவே காற்றுக்குத் திணறுகிற எஞ்சினுக்கு அந்த மெலிந்த சூட்டுக் காற்று இன்னும் கேடு. லீவரைத் திருப்பவேண்டும். பிழையாகச் சொன்னால் எஞ்சின் நிற்கும். அவர்களுக்குக் கீழே மரங்கள்.

ஃபரீனா என் தோளைப் பற்றிக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். அவருடைய நகங்கள் சட்டையைத் தாண்டிப் பதிந்தன. நான் வானத்தைப் பார்த்தேன், காற்றுப் பையைப் பார்த்தேன், காலடியில் பொடியாக நொறுங்கிய புல்லைப் பார்த்தேன். உதடு வெடிக்கிற காய்ந்த காற்று. இந்தக் காற்றில் எங்கிருந்து பனி கட்டும்? ஈரமே இல்லையே. ஆனால் மேலே? மேலேயும் ஒரு மேகம் இல்லை.

"ஆயிஷா, ஐஸ் இல்லை. லீவரைத் திருப்பித் தள்ளச் சொல்லு. மெதுவா."

இருமல் தொடர்ந்தது. பிறகு, சத்தம் ஒரு படி தெளிந்தது. முழுதாக இல்லை. சளி பிடித்த நெஞ்சுபோல ஓடியது, ஆனாலும் ஓடியது.

"கொஞ்சம் நல்லம் அன்ரி!"

"சரி. இனி த்ரொட்டிலைத் தொடவேண்டாம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கை இருக்கோ அங்கையே இருக்கட்டும். ஓடுபாதைக்கு மேலை வந்து, எஞ்சின் இல்லாட்டிலும் இறங்கலாம் எண்ட நிலை வந்த பிறகு மட்டும் குறைக்கச் சொல்லு."

எஞ்சின் குலுங்கும்போது மனிதக் கை தானாகவே, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலுக்குப் போகும். முன்னே தள்ளிப் பார்க்கும், பின்னே இழுத்துப் பார்க்கும். தொண்டையில் ஒரு துண்டு எப்படியோ ஒதுங்கி நின்று காற்றுக்குக் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. அதை அசைத்தால் அடுத்தமுறை எப்படி விழும் என்று யாருக்கும் தெரியாது. பாதி ஓடுகிற எஞ்சினைத் திருத்த முயலவேண்டாம், அந்தப் பாதியைக் கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அன்று எனக்குத் தெரிந்த ஞானம் அவ்வளவுதான்.

அதே நேரம் ஒரு பயிற்சி விமானம் இறங்குவதற்கு வந்துகொண்டிருந்தது. அதிலிருந்த ஆசிரியருக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. குரலை மட்டும் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொல்லி ஒதுங்கிப் போனார். ஓடுபாதை அவர்களுக்கென்று காலியானது.

அவர்கள் வந்தார்கள். முதலில் மரங்களைத் தாண்டினார்கள். பிறகு மின்கம்பிகள். பிறகு வேலி. தேவைக்கு மேல் உயரமாகவே வந்தார், சொன்னபடி. ஓடுபாதையின் தொடக்கம் அவருக்குக் கீழே வந்ததும் த்ரொட்டிலைப் பின்னால் இழுத்திருக்கவேண்டும். அந்தக் கணமே சத்தம் செத்துப்போனது. முன்னால் சுழன்ற விசிறி இரண்டு தரம் துடித்து, குறுக்கே அப்படியே நின்றது. ஃபரீனாவிடமிருந்து ஒரு ஒலி வந்தது. அதை அழுகை என்று சொல்லமுடியாது. விமானம் சத்தமில்லாமல் காகிதம்போல மிதந்து, தரையைத் தொட்டு, ஒருமுறை துள்ளி, உருண்டு, பாதையின் கடைசிப் பகுதியில் போய் நின்றது.

நாங்கள் ஓடினோம். நசீர் மூடியைத் திறந்துவிட்டு இறங்காமல் அப்படியே இருந்தார். முகம் சுண்ணாம்பு. ஆயிஷாதான் முதலில் இறங்கினாள். இறங்கி, தாயைக் கட்டிக்கொண்டாள்.

விமானத்தைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மூக்கு மூடியைக் கழற்றி, பெட்டியை இறக்கினேன். ஃபில்டரின் ஒரு பக்க விளிம்பு முழுவதும் வெறுமையாக இருந்தது. டார்ச்சை மேலே பிடித்தால் கார்புரேட்டரின் தொண்டைக்குள் வெள்ளையாக ஒரு நாக்கு தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். பெட்ரோலில் ஊறி, தடித்து, வழுவழுவென்று, என் நடுவிரலைவிட நீளமாக வந்தது. அதன் ஒரு முனையில், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ரொட்டில் தகடு நறுக்கிய தடம் பதிந்திருந்தது. தகடு மூடியபோது அது நடுவில் அகப்பட்டு மிச்ச வழியையும் அடைத்திருக்கிறது. அதனால்தான் இழுத்தவுடன் எஞ்சின் நின்றது.

நசீர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பார்மசியில ஒருத்தர் வந்து, இந்த மருந்து இல்ல, இதே மாதிரி வேற ஒண்டு தாங்க எண்டு கேட்டா குடுப்பேனா அக்கா? ஒருநாளும் குடுக்கமாட்டன்" என்றார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

சில வாரங்கள் அவர் அந்த விமானத்தின் பக்கமே போகவில்லை. பிறகு பெட்ரோலைத் தாங்கும் சரியான சீலன்ட் வந்தது. பழையதைச் சுரண்டித் துடைத்து, மெல்லிய கோடாகப் பூசி, முழுதாகக் காயவிட்டு அவரேதான் ஒட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். காய்ந்தபின் கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, பெட்டிக்குள் டார்ச்சை வைத்து, விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தோம். பிறகு கோடு முழுவதையும் நகத்தால் இழுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நீங்களும் செய்யுங்கள். அடைத்ததா என்று பார்ப்பது பாதி வேலை; அடைத்தது கழலுமா என்று பார்ப்பது மிச்சப் பாதி. பக்கத்தில் நிற்கிறவர் சமையலைப் பற்றியோ ஷவரைப் பற்றியோ பேசினாலும் காது கொடுங்கள். ஃபரீனா அன்று வேறு கதை பேசியிருந்தால் நான் அவர்களைத் திருப்பி அழைத்திருக்கமாட்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் நோபல் பார்க்கில் அவர்கள் வீட்டில் விருந்து. வந்தவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று, "நீங்கதான் காப்பாத்தினீங்க" என்று புகழ்ந்தார்கள். நானும் மறுக்கவில்லை. தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். ஆயிஷா பிரியாணித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, அண்டைக்கு இடையில நீங்க ஒண்டும் பேசாம இருந்தீங்க. தெரியுமா?"

"எப்ப?"

"ஐஸா எண்டு கேட்ட பிறகு."

"அது கொஞ்ச நேரந்தானே பிள்ளை. யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

"மேல அது கொஞ்ச நேரம் இல்ல." அவள் தட்டுகளை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ரேடியோ செத்துட்டு எண்டு வாப்பா நினைச்சாங்க. இல்லாட்டி உங்களுக்கே ஒண்டும் தெரியல்ல எண்டு. எஞ்சினக் குறைச்சிட்டு கீழ எங்கயாவது இறக்கப் போறன் எண்டு சொல்லி த்ரொட்டில்ல கை வெச்சாங்க. நான் அவங்கட கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டன். விடுடி எண்டு கத்தினாங்க. நான் விடல்ல."

அந்த இடத்தில் கீழே மரங்களைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. த்ரொட்டிலை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, நறுக்குப்பட்ட அந்த வெள்ளை நாக்கை இழுத்தெடுத்த எனக்குத் தெரியும்.

"ஏன் பிடிச்சனீ?" என்று கேட்டேன்.

"தெரியா அன்ரி. நீங்க எங்கயும் போகல்ல, யோசிக்கிறீங்க எண்டு நினைச்சன்." தட்டுகளை மறுபடி அடுக்கியபடி சொன்னாள்: "எங்கட வார்ட்டுல, என்ன செய்ற எண்டு தெரியாட்டியும் நோயாளிக்குக் கேக்கிற மாதிரி 'யோசிக்கிறன், இங்கதான் நிக்கிறன்' எண்டு சொல்லிக்கிட்டே இருப்பம். நீங்களும் அத மட்டும் சொல்லியிருக்கலாம்."

அவளுடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை. வெளியே யாரோ சாப்பாடு எங்கே என்று கூப்பிட்டார்கள். ஆயிஷா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நீங்கதான் காப்பாத்தினீங்க" என்றபோது மறுக்காமல் நின்றது அப்போதுதான் என்னைச் சுட்டது; நான் பேசாமல் நின்ற அந்த நேரத்தில் காப்பாற்றியது ஆயிஷாவின் இரண்டு கைகள். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு, யாரும் உள்ளே வந்துவிடக்கூடாதே என்று நினைத்தபடி, குடிக்க வந்த தண்ணீரையும் மறந்து நின்றேன்.